எலுமிச்சம்பழம் உருண்ட மூலை

நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடங்களைப் பார்வையிடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கையில் கருவி, தலையில் ஹெல்மெட், நடையில் கொஞ்சம் தெனாவெட்டு. இருக்கட்டும், எனக்கும் இருந்தது. நிலம் ஏன் ஆடுகிறது, அதிர்வு எப்படிப் பரவுகிறது, தரைத்தளத்தில் சுவர் இல்லாமல் தூண் மட்டும் நின்றால் கட்டடம் எந்த இடத்தில் முறியும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். பாடத்தில் இல்லாத ஒரு மத்தியானத்தைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைக்கும் யாராவது ஆயுத பூஜைப் பொரியை நீட்டினால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் நடந்தது இது. மராட்டியத்தில் ஊர் ஊராகக் கல்வீடுகள் சரிந்து ஜனங்கள் புதைந்துபோன செய்தி வந்து, நம் ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் பயந்துவிட்டு மறந்திருந்த சமயம். "நம்முளுது பாறைங்க, ஆடாது" என்று கோயம்புத்தூரில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். பாறைக்குள்ளும் பழைய விரிசல்கள் உண்டு. அதில் அழுத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும், என்றைக்காவது ஒரு நாள் நகரும். அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில் நகர்ந்தது.

கணபதி பக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். கீழே பட்டறை, மேலே வீடு. வருஷம் முழுக்க அங்கே தரை நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வீட்டில் இரும்பு கடைகிற லேத், பக்கத்து வீட்டில் தகடு அழுத்துகிற பிரஸ், எதிரில் பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம். வேறு எந்த நாளில் ஆடியிருந்தாலும் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லா மெஷினும் நிற்கும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டால் மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் எதையும் தொடுவதில்லை. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டார்கள். அப்படி ஊரே ஓய்ந்திருந்த வேளையில் தரை நடுங்கியது.

"மெஷினு ஓடலீங்க, ஆனா ஓடற மாதிரியே இருந்துச்சுங்க." அன்றைக்கு நான் போன தெருவிலெல்லாம் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஒரு பட்டறையில் லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக், மாலையோடு தானாகத் திரும்பிப் பார்த்ததாம். பார்த்தவர்கள் ஷட்டரை இழுத்துவிட்டு ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்கள் தெருவில் விழுந்து கிடந்தன. தண்ணீர்த் தொட்டிகள் விரிந்து மாடிப்படிகளில் தண்ணீர் வழிந்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கி வந்து வேப்ப மரத்தடியில் போட்டிருந்தார்கள். போன் எதுவும் வேலை செய்யவில்லை. அணை உடைந்துவிட்டது என்று ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான், அது பச்சைப் பொய். ஆனால் அவன் பின்னாலேயே ஒரு தெருவே ஓடியது. நிலம் ஆடியது கொஞ்ச நேரம்தான், ஜனங்களின் மனசு ஆடியது ராத்திரி வரைக்கும்.

நான் அப்போது கட்டட உறுதியைக் கணக்கிடும் ஒரு தனியார் அலுவலகத்தில் இருந்தேன். ஊரில் இருந்த எல்லாப் பொறியாளர்களையும் கூப்பிட்டு, இரண்டிரண்டு பேராகத் தெருக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். கையில் மூன்று டப்பா பெயின்ட். பச்சை என்றால் குடியிருக்கலாம், மஞ்சள் என்றால் மறுபடி பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் உள்ளே கால் வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஆட்களை வெட்டவெளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு. கிளம்பும்போது எங்கள் தலைமைப் பொறியாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சுவத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி அதுல குடியிருக்கறவங்க மூஞ்சியப் பாருங்க." மனுஷர் பொதுவாகவே கம்மியாகப் பேசுவார். வழக்கம்போல ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு வந்தவர் சந்திரன். என் வயதுதான். கெட்டிக்காரர், வேகமானவர், யாரையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். மத்தியானம் நாங்கள் ரங்கசாமி என்பவரின் பட்டறைக்குப் போனோம். கீழே லேத் பட்டறை, மேலே வீடு. முன்பக்கம் தெருவைப் பார்த்த பால்கனி. மாடிக்கு ஏறும் கான்கிரீட் படி பின்பக்கம், பொடக்காளியில் இருந்தது. பொடக்காளி என்றால் தெரியுமில்லையா, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலியிடம். அங்கே ஒரு துணி துவைக்கிற கல்லும் முருங்கை மரமும் தவிர எதுவும் இல்லை.

கட்டடம் அம்சமாக இருந்தது. தூண்களில் ஒரு கீறல்கூட இல்லை. ரங்கசாமி ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தட்டில் பொரியும் கடலையும் வைத்து நீட்டினார்.

"நானே நின்னு கட்டுன ஊடுங்க மேடம். கம்பியெல்லாம் கணக்குப் பாக்காமப் போட்டது. டீ சொல்லட்டுங்களா?"

"மேடம், பச்சை போட்டுட்டுக் கெளம்பலாம். அடுத்த தெருவுல ஒரு மாடியே தொங்குதுன்னு ஆள் வந்து நிக்கறாங்க" என்றார் சந்திரன்.

நியாயமான பேச்சுதான். நான் பச்சை டப்பாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உள்கதவு ஓரமாக நின்றிருந்த அவர் மனைவியைப் பார்த்தேன். துளசிமணி என்று பெயர். தெருவில் அன்று நான் பார்த்த முகங்களில் எல்லாம் பயம் இருந்தது, ஆனால் பேசப் பேசக் குறைகிற பயம். இந்த அம்மாளின் முகம் வேறு மாதிரி இருந்தது. பழகிய ஒரு கஷ்டத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"என்னங்க, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க அம்மணி, நீங்க படிச்சவங்க. ஒரு நிமிசம் நின்னு கேட்டுப் பாருங்க. அடியில என்னமோ கொட்டுதுங்க."

ரங்கசாமி சிரித்தார். "அவளுக்கு இது வருசா வருசம் வர்றதுதானுங்க. பூசை நோம்பி வந்தா மண்ணுக்குள்ள சத்தம் கேக்குதும்பா. சூலூர்ல எங்க மாமனார் ஊட்டுல தறிச் சத்தத்துக்குள்ளயே வளந்தவ. சத்தமில்லாத எடத்துல அவளுக்குக் காது சும்மா இருக்காதுங்க."

"தறிச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா?" துளசிமணி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "இது அது இல்லீங்க. முந்தியெல்லாம் முறத்துல அரிசி கொட்டற மாதிரி இருக்கும். காத்தால ஆடுனதுக்கு அப்புறம் கல்லு உழுகற மாதிரி இருக்குது."

சந்திரன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்கும் கிளம்பத்தான் ஆசை. ஆனால் அதற்குள் இன்னொன்று என் கண்ணில் பட்டுவிட்டது. ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் தரையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது, பின்மூலையில் நின்ற பெரிய லேத்துக்கு முன்னால் மட்டும் இல்லை. அந்தப் பழம் லேத்துக்குப் பின்னால், சுவர் இடுக்கில் கிடந்தது. ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"எடுத்து எடுத்து வெச்சுப் பாத்துட்டேனுங்க" என்றார் துளசிமணி. "திரும்பத் திரும்ப அங்கயேதான் போகுது."

நான் போய் எடுத்தேன். லேத்துக்கு முன்னால் வைத்துக் கையை எடுத்தேன். பழம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு யாரோ கூப்பிட்டது போல மெல்லப் புரண்டு, பொரியை நசுக்கிக்கொண்டே போய், அதே மூலையில் முட்டி நின்றது. பூஜைக்கு வந்திருந்த வேலைக்காரர்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு முதுகில் சில்லென்றது, மறைக்க மாட்டேன்.

"கழுவி விடறதுக்காகத் தரையைச் சரிவாப் போட்டிருப்பாங்க" என்றார் சந்திரன்.

ரங்கசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "லேத்து நிக்கிற தரைங்க! ரசமட்டம் வெச்சுப் பாத்துப் போட்டது. ஒரு நூலு தப்பாதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டார். ரசமட்டத்தில் ஒரு நூல் பிசகாத தரையில் பழம் உருளாது. உருண்டால் தரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேலே கீறல் இல்லை என்றால், கட்டடம் இன்னும் அதை உணரவில்லை என்று அர்த்தம்.

பட்டறையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொன்னேன். லேத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, குங்குமம் சிந்திக் கிடந்த தரையில் காதை வைத்தேன். முதலில் என் ரத்த ஓட்டம்தான் கேட்டது. பிறகு அந்த அம்மாள் சொன்னது கேட்டது. முறத்தில் அரிசி கொட்டுகிற சத்தம், நிற்காமல், பொறுமையாக. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. அப்புறம் ரொம்பக் கீழே, அந்த ஆழம் இந்த வீட்டுக்கு இருக்கவே முடியாது என்று நினைக்கிற அளவு கீழே, தண்ணீரில் ஒரு கல் விழுந்தது.

இதற்குத் தரையில் காதை வைக்கத் தேவையே இருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. சந்திரனின் கிண்டல் அத்தோடு போயிற்று.

"இங்க கிணறு இருந்துதுங்களா?" என்று ரங்கசாமியைக் கேட்டேன்.

"இல்லீங்க."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. துளசிமணி திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் தட்டில் இருந்த பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னிடம் அப்போது இருந்தது என்ன? ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சத்தம், ஒரு அம்மாளின் முகம். அளந்து எழுத ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் இல்லை என்கிறார். பூஜை நாளில் ஒரு குடும்பத்தை அவர்கள் வீட்டிலிருந்து வெளியேற்றி வாசலில் சிவப்பு பூச வேண்டும். தப்பாகப் போனால் ஊரே சிரிக்கும், அந்த மனிதரின் தொழிலும் படுத்துவிடும். சிவப்பு பூசிய பட்டறைக்கு யார் வேலை கொடுப்பார்கள்? காரணத்தைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம், முதலில் ஆட்கள் வெளியே வரட்டும் என்று முடிவு செய்தேன். சிவப்பு டப்பாவை எடுத்தேன்.

மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மகள் கவிதா, பிரசவத்துக்கு வந்தவள், பச்சைக் குழந்தையோடு இருக்கிறாள் என்றார்கள். சந்திரன் உடனே பின்கதவைத் திறந்து, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மணி, கொழந்தையத் தூக்கிட்டு எறங்கி வாங்க! பின்னாடி வெட்டவெளியில வந்து நில்லுங்க! எல்லாரும் பின்னாடி வாங்க!"

உத்தரவுப்படி சரியான வார்த்தைகள். வேலைக்காரர்கள் பின்கதவை நோக்கி நகர்ந்தார்கள். மேலே கதவு திறக்கிற சத்தம். குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கவிதா முதல் படியில் கால் வைத்தாள்.

அப்போது ரங்கசாமி கத்தினார். அந்த மாதிரி ஒரு குரல் ஒரு மனிதரிடமிருந்து வந்து அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"கண்ணு! எறங்காதே! அங்கயே நில்லு! பொடக்காளிதான் கெணறு! படி அதுமேலதான் நிக்குது!"

கவிதா உறைந்து நின்றாள். பின்கதவுப் பக்கம் போனவர்கள் அப்படியே பின்னால் வந்தார்கள். ரங்கசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். பழைய தோட்டத்துக் கிணறு. பாறையை வெட்டித் தோண்டியது, தோட்டத்தில் பாதியை அடைக்கிற அகலம். அதன் ஒரு ஓரம் இந்தப் பெரிய லேத்துக்கு அடியில் வருகிறது, மீதி முழுக்கப் பொடக்காளியில். அந்தக் காலத்தில் இரும்பு உருக்கி வார்க்கிற பவுண்டரியில் கழித்துப் போடுகிற கரி மண்ணை லாரி லாரியாகக் கொட்டி மூடியிருக்கிறார்கள். அடியில் ஊற்று இருக்கிறது, தண்ணீர் கூட வருவதற்காகப் பாறையில் பக்கவாட்டில் துளையும் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷமும் அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. காலையில் ஆடியபோது மிச்சமும் இளகிவிட்டது. வெட்டவெளி வெட்டவெளி என்கிறோமே, அது மேலே எதுவும் இல்லாத இடம் மட்டும்தான். கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

"பால்கனி வழியா எறக்கணும். ஏணி இருக்குதுங்களா?" என்றேன்.

இருந்தது. முன் ஷட்டருக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டும் மாலையுமாக, பூஜையில் இருந்தது. பக்கத்தில் நின்ற வேலைக்காரர் கையை நீட்டிவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழம் உருண்டதையும் அடியில் கல் விழுந்ததையும் இப்போதுதான் கேட்டிருந்தார். பூஜையில் இருப்பதைத் தொட்டால் இன்னும் என்ன வருமோ என்று எனக்கே தோன்றியது. ரங்கசாமி வந்தார். மாலையைப் பிய்த்து எறிந்தார். ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

சந்திரன்தான் ஏறினார். குழந்தையை அதன் அம்மாவின் சேலையால் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மறுபடி ஏறிப் போய்க் கவிதாவையும் இறக்கினார். பிரசவித்த உடம்பு, பாவம், அவள் நடுங்கிய நடுக்கத்தில் ஏணியே ஆடியது. கீழே அதைப் பிடித்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. எல்லோரையும் எதிர்வீட்டு வாசலுக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். திரும்பி வந்து சுவரில் சிவப்பு பூசினேன்.

"வெளக்கு எரியுதுங்க, அணைச்சுப்போட்டு வாரேன்" என்று ரங்கசாமி உள்ளே திரும்பினார்.

துளசிமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எரியட்டும்" என்றார்.

அதற்கு மேல் அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நிலம் மறுபடி ஆடவெல்லாம் இல்லை. முருங்கை மரம் நின்ற நிலையிலேயே குட்டையாகிக்கொண்டே போனது, பிறகு காணவில்லை. மாடிப்படி வீட்டைவிட்டுப் பிரிந்து ஒருபக்கமாகச் சாய்ந்து, அதுவும் போயிற்று. திறந்த ஷட்டர் வழியாகப் பார்த்தோம். பெரிய லேத் மாலையோடும் குங்குமத்தோடும் பின்னால் சாய்ந்து, சத்தமே இல்லாமல் தரைக்குள் இறங்கியது. விளக்கு மட்டும் முன்பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. கீழிருந்து தண்ணீர்ச் சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது. தெருவில் நின்றிருந்த அத்தனை பேரும் அதற்காகத்தான் காத்திருந்தோம்.

சத்தம் வந்த பிறகு துளசிமணி கணவரிடம் கேட்டார். "கெணறுன்னு இத்தன வருசமா ஏனுங்க சொல்லலை?"

ரங்கசாமி நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்தார். "எங்கக்கா அதுல உழுந்து செத்துப்போச்சு" என்றார். "எடுத்து அடக்கம் பண்ணிப்போட்டு வந்த அன்னிக்கே அப்பா மண்ணக் கொட்டச் சொன்னாரு. கெணத்தப் பத்தியும் அக்காவப் பத்தியும் ஊட்டுல யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. நானும் தொறக்கலை. மண்ணு எறங்கி முழுசாத் தூந்து போச்சுன்னே நெனச்சிருந்தேன் துளசி."

அந்த அம்மாள் அவர் பக்கத்தில் போனார். வருஷா வருஷம் தனக்குக் காது சும்மா இருக்காது என்று சிரித்த மனிதரின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் நாங்கள் வந்த ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்திரன் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார், அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு அதோடு முடியவில்லை. அடுத்த தெருவில் மாடி தொங்கிக்கொண்டிருந்தது, அங்கே போனோம். ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் போனாலும் நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. கம்பி எவ்வளவு, சிமென்ட் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்தான். இந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது, அதை ஏன் மூடினீர்கள் என்று கேட்பேன். பதில் சொல்லத் தயங்குகிறவர்கள் எல்லோரும் பொய்க்காரர்கள் அல்ல. பாதிப் பேருக்கு அது துக்கம். பொறுமையாகக் கேளுங்கள், ஆனால் அவர்களை வெளியே நிற்கவைத்துக் கேளுங்கள். இன்னொன்று, பயந்துபோனவர் சொல்கிற காரணம் தப்பாக இருக்கலாம், அவர் காதில் விழுந்த சத்தம் பெரும்பாலும் தப்பாக இருப்பதில்லை.

மறுநாள் விஜயதசமி. ஊர் முழுக்க மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. கயிறு கட்டி மறித்திருந்த இடத்தைப் பார்க்கப் போனேன். தெருப்பக்கம் வேண்டாம், பாறை வெளியே தெரிகிற உறுதியான பக்கமாக வாருங்கள் என்று சொல்லிக் கணவன் மனைவி இருவரையும் கயிற்றுக்கு இப்பால் நிற்கவைத்தேன். உள்ளே பாறைச் சுவர் கருப்பாக இறங்கிப் போயிற்று. அடியில் தண்ணீர். அதில் அந்த எலுமிச்சம்பழம் மிதந்துகொண்டிருந்தது, ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில்.

ரங்கசாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாங்கள் இருப்பதையே மறந்தவர் போல, கொஞ்சம் குனிந்து கூப்பிட்டார்.

"மரகதக்கா."

அகலக் கிணறு. பெயர் உள்ளே போய்ப் பாறையில் பட்டு, அவர் குரலாக இல்லாமல் மெல்லியதாகத் திரும்பி வந்தது. துளசிமணி பயந்துவிடுவாரோ என்று அவர் தோளைப் பிடித்தேன்.

அவர் பயப்படவில்லை. கிணற்றைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்.

"இனி சத்தம் வந்தாலும் பயமில்லீங்க அம்மணி. யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்களே."